எண் இங்கே, டேட்டா அங்கே

வெளிநாடு செல்லும் வணிகர்களின் செல்போன் செலவு குறித்துச் சில கருத்துகள்

வெளிநாட்டுப் பயணம் என்பது நம் தொழிலில் இன்று அபூர்வமான காரியம் இல்லை. துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் உணவுப் பொருள் கண்காட்சிக்கு நம் உறுப்பினர்கள் கூட்டமாகப் போய் வருகிறார்கள். சீனாவில் குவாங்சோ நகரத்துக் கேன்டன் கண்காட்சிக்குப் பாத்திரக்கடை, பேன்சி கடைக்காரர்கள் போகிறார்கள். பட்டை, கிராம்பு பார்க்கக் கொழும்புக்குப் போகிறவர்கள் உண்டு. வியாபாரம் இல்லாவிட்டாலும், சிங்கப்பூரில் மகன், அமெரிக்காவில் மகள் என்று இல்லாத குடும்பம் நம் கடைவீதியில் குறைவு.

இப்படிப் புறப்படும்போது விமான டிக்கெட்டுக்கு நான்கு ஏஜென்டிடம் விலை கேட்கிறோம். டாலர் மாற்றும்போது பத்துப் பைசா வித்தியாசத்துக்கு இரண்டு இடத்தில் விசாரிக்கிறோம். ஆனால் செல்போனுக்கு என்ன செலவாகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒன்று, அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டு, திரும்பி வந்து பில்லைப் பார்த்துத் திகைக்கிறோம். இல்லையேல், செலவுக்குப் பயந்து சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டு போகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இரண்டுமே வியாபாரிக்கு அழகில்லை என்பது என் கருத்து. இரண்டில் சிம்மைக் கழற்றுவதுதான் பெரிய நஷ்டம் என்றும் சொல்வேன். அதற்கான காரணத்தையும், செய்ய வேண்டிய முறையையும் இங்கே எழுதுகிறேன்.

கட்டணம் ஏறும் காரணம்

நம் ஊர் சிம்முடன் கொழும்பில் இறங்குகிறோம். அங்குள்ள டவர் நம் நிறுவனத்துடையது அல்ல. அந்த ஊர் நிறுவனம், "இவர் உங்கள் வாடிக்கையாளரா? கடனாகச் சேவை கொடுக்கலாமா?" என்று இங்குள்ள நிறுவனத்தைக் கேட்கிறது. இங்கிருந்து சரி என்று பதில் போனால் இணைப்புக் கிடைக்கிறது. பிறகு அவர்கள் ஒப்பந்த விலைக்கு இங்கே பில் அனுப்புகிறார்கள். அதன்மேல் இங்குள்ள நிறுவனம் தன் லாபத்தை வைத்து நம்மிடம் வசூலிக்கிறது. இன்டர்நெட் உபயோகமும் பெரும்பாலும் இப்படித்தான்: கொழும்பிலிருந்து நாம் அனுப்பும் படம் முதலில் இந்தியாவுக்கு வந்து, பிறகே உலகத்துக்குப் போகிறது. இரண்டு மண்டி மாறி வரும் சரக்குக்கு இரண்டு கமிஷன் ஏறுவது நமக்குப் புதிதல்ல. ரோமிங் என்பது அவ்வளவுதான்.

செல்போன் விலை எப்போதும் இப்படியே இருந்துவிடுவதில்லை. 1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி நம் நாட்டில் செல்போன் சேவையைத் தொடங்கி வைத்த காலத்தில், ஒரு நிமிடப் பேச்சு 16 ரூபாய் அளவில் இருந்தது. வரும் அழைப்புக்கும் நாமே பணம் கட்டினோம். அது 2003-இல்தான் ஒழிந்தது. பெங்களூர் போனால் ரோமிங், ஐதராபாத் போனால் ரோமிங் என்று இருந்த நிலையும் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் போட்டி வந்த பிறகு மறைந்தது. நாட்டு எல்லையில் மட்டும் அந்தப் பழைய சுங்கச்சாவடி இன்னும் நிற்கிறது. அதை எந்தப் பக்கமாகக் கடப்பது என்று தெரிந்து கொண்டால் போதும்.

கடைச் சாவி எது?

முன்பெல்லாம் கடைச் சாவி இடுப்பில் இருந்தது. இன்று செல்போன் எண்ணில் இருக்கிறது. பாங்கில் பணம் அனுப்ப ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வருகிறது. ஜி.எஸ்.டி. ரிட்டர்னை ஓ.டி.பி. மூலம் தாக்கல் செய்கிறவர்களுக்கும் அந்த எண்ணே கையெழுத்து. யு.பி.ஐ. செயலி, பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 2025 நவம்பர் 28-இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம் அந்தப் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அரசின் போக்கு எந்தப் பக்கம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்த நிலையில் சிம்மைக் கழற்றுவது என்பது கடையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடுவதற்குச் சமம். எனக்குத் தெரிந்த பருப்பு வியாபாரி ஒருவர், மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனவர், செலவு வேண்டாம் என்று அப்படித்தான் செய்தார். 11-ஆம் தேதி போக வேண்டிய ஜி.எஸ்.டி.ஆர்.-1 போகவில்லை. அவரிடம் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரர்களுக்கு அந்த மாதம் வரவேண்டிய உள்ளீட்டு வரவு அவர்கள் கணக்கில் தெரியவில்லை. 20-ஆம் தேதி போக வேண்டிய 3பி-யும் நின்றது. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி. பணம் போனதைவிட, "அண்ணாச்சி, உங்களால் எங்கள் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதாகிவிட்டது" என்று வாடிக்கையாளர்கள் கேட்டதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். இருபது ஆண்டு நாணயம், ஒரு சிறு சிம்மில் அடிபட்டது.

இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. ப்ரீபெய்டு எண் 90 நாள் உபயோகமே இல்லாமல் கிடந்தால், அதை முடக்கிவிட நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள், அவ்வளவே. முடக்கிய எண்ணை 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது 2023-இல் உச்ச நீதிமன்றத்திலும் பேசப்பட்ட விஷயம். ஆறு மாதம், எட்டு மாதம் என்று பிள்ளைகள் வீட்டில் தங்குகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நம் பாங்குக் கணக்கின் ஓ.டி.பி. முகம் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும் நிலை வரலாமா?

எண் இங்கே, டேட்டா அங்கே

ஆகவே என் யோசனை இதுதான். நம் ஊர் எண் போனிலேயே உயிரோடு இருக்கட்டும், அது ஓ.டி.பி. வாங்க மட்டும். பேசுவதற்கும் படம் அனுப்புவதற்கும் வேண்டிய டேட்டாவை எங்கே மலிவோ அங்கே தனியாக வாங்கிக் கொள்வோம். விளையும் ஊரில் வாங்குவதுதானே கொள்முதலின் முதல் பாடம்.

இன்றைய போன்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு சிம் போட இடம் இருப்பதால் இது எளிது. நம் நாட்டுப் பெரிய நிறுவனங்களில், ரோமிங்கில் இருக்கும்போது வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் வெளிநாட்டு ரோமிங் சேவையைப் புறப்படும் முன்பே இங்கிருந்து திறந்து வைக்க வேண்டும். போய் இறங்கிய பிறகு திறக்கலாம் என்றால், திறப்பதற்கே ஓ.டி.பி. கேட்கும், அது வராது. சில திட்டங்களில் ரோமிங் திறக்கச் சிறு ரீசார்ஜும் தேவைப்படும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

பிறகு போன் செட்டிங்கில் இரண்டு வேலை. முதலாவது, நம் ஊர் சிம்முக்கு "டேட்டா ரோமிங்" என்று இருப்பதை அணைத்துவிட வேண்டும். இரண்டாவது, ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி சில போன்களில் உண்டு; அதையும் அணைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டால் நம் சிம்மில் டேட்டாப் பணம் கசியாது. இதில் சந்தேகம் இருந்தால் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் ஊர் எண்ணுக்கு வரும் அழைப்பை அங்கே எடுத்தால் காசு என்பதை மறக்க வேண்டாம். உள்நாட்டில் வரும் அழைப்பு இலவசம் என்ற பழக்கத்தில், கடைப் பையன் கூப்பிட்டதும் எடுத்து அரை மணி நேரம் பேசிவிடுகிறோம். "வாட்ஸ்அப்பில் கூப்பிடு" என்று புறப்படும் முன்பே கடையிலும் வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

எவ்வளவு வேண்டும், எதில் வாங்கலாம்?

எவ்வளவு தேவை என்று தெரியாமல் கொள்முதலுக்குப் போகக்கூடாது. வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் பேச 1 எம்.பி.-க்கும் குறைவாகவே செலவாகும். தினம் ஒரு மணி நேரம் பேசினாலும் 60 எம்.பி.-க்குள் முடியும். சரக்குப் படம், விலைப்பட்டியல், வழி பார்க்கும் மேப் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 300 எம்.பி. என்று தாராளமாக வைத்தாலும், 10 நாளுக்கு 3 ஜி.பி. போதும். சினிமா பார்த்தால் கணக்கே வேறு. தெளிவான வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 1 ஜி.பி. முதல் 3 ஜி.பி. வரை தின்றுவிடும். அதைத் தங்கும் விடுதி வைஃபையில் பார்த்துக் கொள்ளலாம்.

இதே 3 ஜி.பி.-யை எந்த பேக்கும் போடாமல், எம்.பி. ஒன்றுக்கு 2 ரூபாய் என்ற விலையில் உபயோகித்ததாக ஒரு கணக்குக்கு வைத்துக் கொள்வோம். 3 ஜி.பி. என்பது 3,072 எம்.பி. ஆகவே 6,144 ரூபாய். எம்.பி.-க்கு 2 ரூபாய் என்று கேட்கும்போது சிறியதாகத்தான் தெரிகிறது. கிராமுக்கு என்ன விலை என்று சொல்லி ஏலக்காய் விற்கிறவனிடம் நாம் உடனே கிலோ விலை கேட்போம் அல்லவா? இங்கேயும் ஜி.பி. விலை என்ன என்று கேட்க வேண்டும்.

வாங்குவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, நம் நிறுவனமே விற்கும் ரோமிங் பேக். ஒரு நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று கிடைக்கும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கும், ஒரே பயணத்தில் நான்கு நாடு சுற்றுகிறவர்களுக்கும் இது சௌகரியம். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நாம் போகும் நாடு பட்டியலில் இருக்கிறதா, ஒரு நாள் என்பது 24 மணி நேரமா அல்லது இந்திய நேரப்படி நள்ளிரவோடு முடிகிறதா, டேட்டா தீர்ந்தால் நின்றுவிடுமா அல்லது சில்லறை விலையில் ஓடுமா?

இரண்டு, போகும் ஊரில் வாங்கும் சிம். ஒரே நாட்டில் நான்கு நாளுக்கு மேல் தங்கினால் பெரும்பாலும் இதுவே சிக்கனம். சிங்கப்பூர் சாங்கி, கொழும்பு கட்டுநாயக்கா, துபாய் ஆகிய விமான நிலையங்களிலேயே பயணிகளுக்கான சிம் விற்கிறார்கள். பாஸ்போர்ட் காட்டினால் போதும். அவசரம் இல்லாதவர்கள் ஊருக்குள் உள்ள கடையிலும் விலை விசாரிக்கலாம். நாம் வேண்டிய 3 ஜி.பி.-க்கு 100 ஜி.பி. சிம்மைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்; சிறிய பேக் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்று, இ-சிம். அட்டையே இல்லாமல், ஒரு கட்டக் குறியைப் படம் பிடித்தால் போனுக்குள் இறங்கிவிடும் சிம் இது. இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாம், இறங்கியதும் வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்ற சில நிறுவனங்களின் தளங்களை முடக்க 2024 ஜனவரியில் உத்தரவு போனது. மலிவு என்று கண்ட இடத்தில் வாங்காமல், அனுமதி பெற்ற இடமா என்று பார்த்து வாங்குவது நல்லது.

மாதக் கணக்கில் தங்குகிறவர்கள் அங்கே பிள்ளைகளின் குடும்பத் திட்டத்தில் ஓர் இணைப்புச் சேர்த்துக் கொள்ளலாம். இங்குள்ள எண்ணுக்கு டேட்டா சேர்ந்த பெரிய ரீசார்ஜ் தேவையில்லை. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றையாவது தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் நிறுவனங்களுக்கு விதித்தது. 365 நாள் வரை அதற்குக் காலம் கொடுக்கலாம். எண்ணை உயிரோடு வைத்திருக்க அது போதும்.

ஊருக்கு ஊர் வேறுபாடு

எல்லா ஊருக்கும் ஒரே எடைக்கல் ஆகாது. துபாய், அபுதாபி பகுதிகளில் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். பேச முடியாதபடி தடை இருக்கிறது. அங்கு அனுமதி பெற்ற வேறு செயலிகள் உண்டு. வீட்டார் போனிலும் அதே செயலியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

சீனாவுக்கு என் சூத்திரம் தலைகீழாகும். அங்கே வாங்கும் சிம்மிலும், விடுதி வைஃபையிலும் வாட்ஸ்அப், கூகுள் எதுவும் வராது. நம் ஊர் சிம்மின் ரோமிங் டேட்டா இந்தியா வழியாகப் போவதால் அதில் வரும். ஆகவே கேன்டன் கண்காட்சிக்குப் போகிறவர்கள் இங்கிருந்தே ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போவதுதான் விவேகம். விலை சற்றுக் கூடுதல் ஆனாலும் கடையோடு தொடர்பு அறுந்தால் அந்தக் கொள்முதலே பாழ்.

ஐரோப்பாவில் ஒரு நாட்டில் வாங்கிய சிம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் குறிப்பிட்ட அளவுவரை கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை, இங்கிலாந்து விலகிவிட்டது. பிரான்ஸில் வாங்கிய சிம்மோடு சுவிட்சர்லாந்துப் பனிமலை பார்க்கப் போகிறவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஐபோன் அனுப்புகிறார்கள். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல், அந்நாட்டில் விற்கும் ஐபோன்களில் சிம் போடும் துளையே கிடையாது. நம் எண்ணை இங்கே இருக்கும்போதே இ-சிம்மாக மாற்றி அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஓட்டை எங்கே இருக்கிறது?

அரிசி மூட்டையில் பெரிய கிழிசலை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். ஊசி ஓட்டையில் ஒழுகுவதுதான் தெரியாது. சில ஊசி ஓட்டைகளைச் சொல்கிறேன்.

விமானத்திலும் கப்பலிலும் தனி நெட்வொர்க் உண்டு. நாட்டுக்கான பேக் அதற்குப் பொதுவாகச் செல்லாது. ஏறியதும் போனை ஃபிளைட் மோடில் போடுவது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பணத்துக்கும் நல்லது. அமெரிக்கா போகும் வழியில் தோகாவில் நான்கு மணி நேரம் காத்திருந்தால் அது வேறு நாடு. விமான நிலைய வைஃபையோடு நிறுத்திக் கொள்ளுங்கள். எல்லை தாண்டாமலும் இது நேரும். தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்கு இலங்கை நெட்வொர்க் வரவேற்புச் செய்தி அனுப்பிய அனுபவம் இருக்கும்.

படங்களையும் வீடியோக்களையும் போன் தானாகச் சேமித்து மேலே ஏற்றும் வேலை, செயலிகள் தாமாகப் புதுப்பித்துக் கொள்ளும் வேலை, இவற்றை வைஃபையில் மட்டும் என்று மாற்றி வையுங்கள்.

அழைப்பைக் கடைக்குத் திருப்பிவிடும் வசதியில் ஒரு சூட்சுமம் உண்டு. "எடுக்காவிட்டால் கடைக்குப் போகட்டும்" என்று வைத்தால், அழைப்பு முதலில் வெளிநாடு வந்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பும். போக வர இரண்டு கட்டணமும் நம் தலையில் விழலாம். "எல்லா அழைப்பும் நேராகக் கடைக்கு" என்று புறப்படும் முன் வைத்துவிட்டால் அழைப்பு நாட்டை விட்டே வெளியேறாது. குறுஞ்செய்தி மட்டும் நம் போனுக்கு வரும். நட்சத்திரக் குறியும் எண்களும் அடித்துத் திருப்பும் பழைய முறையை, மோசடிகள் காரணமாக 2024 ஏப்ரல் 15 முதல் அரசு நிறுத்தச் சொன்னது. போன் செட்டிங் மூலமாகவோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ செய்து கொள்ளலாம். சில பாங்குகள் ஓ.டி.பி.-யைக் குரல் அழைப்பாகவும் சொல்லும். ஆகவே முழு நம்பிக்கைக்குரியவர் எண்ணுக்கு மட்டும் திருப்புங்கள்.

இன்னொன்று, கடன் கணக்கும் ரொக்கக் கணக்கும். ப்ரீபெய்டில் இருப்புத் தீர்ந்தால் சேவை நிற்கும்; நஷ்டம் அதோடு சரி. போஸ்ட்பெய்டு என்பது எல்லை எழுதாத கடன் நோட்டு. போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள் போகும் முன் தங்கள் உச்சவரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குவது உத்தமம்.

"இவ்வளவு பாடு எதற்கு?" என்பவர்களுக்கு

இதையெல்லாம் சொல்லும்போது இரண்டு தரப்பில் மறுப்பு வருகிறது. "பத்து நாள்தானே, போனை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் என்ன?" என்பது ஒன்று. நிம்மதி வேண்டியதுதான். ஆனால் தேதி நமக்காக நிற்பதில்லை. 11-ம் 20-ம் வந்துகொண்டுதான் இருக்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் மகனையோ பங்காளியையோ கூடுதல் கையொப்ப அதிகாரியாகச் சேர்த்து, ஓ.டி.பி. அவர் எண்ணுக்கும் போகும்படி செய்துவிட்டு அணைத்தால், அது வேறு. அப்படிச் செய்தவர் நம்மில் எத்தனை பேர்?

"இரண்டு லட்சம் செலவு செய்து போகிறோம், போனுக்கு ஐயாயிரம் போனால் போகட்டும்" என்பது மற்றொன்று. இப்படிச் சொல்கிறவர்கள் கடையில் குவிண்டாலுக்கு ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்தாம். பணம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. வாங்குகிறவன் விலை கேட்காத சரக்குக்கு விலை இறங்காது. சந்தையில் நாம் கற்றது அதுதான். அன்று டிரங்க் கால் பதிவு செய்து குண்டூர் மிளகாய் விலை கேட்டோம். எஸ்.டி.டி. வந்தபோது இரவுச் சலுகை நேரத்துக்காகக் காத்திருந்து விருதுநகருக்குப் பேசினோம். அதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லவில்லை.

சங்கமும் அரசும் செய்ய வேண்டியவை

உறுப்பினர் ஒவ்வொருவரும் விழிப்பாக இருப்பது ஒரு பாதி. மறு பாதி விதிமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் ரோமிங் கட்டணத்துக்கு உச்ச விலை வைத்தது. 2010 முதல், வாடிக்கையாளர் வேறு அளவு கேட்காவிட்டால் 50 யூரோ ஆனதும் டேட்டா தானாக நிற்க வேண்டும் என்று விதித்தது. 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் கூடுதல் ரோமிங் கட்டணமே எடுத்துவிட்டது. அந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்தும் இருக்கிறார்கள். நிறுவனங்கள் மூழ்கிவிடவில்லை, மக்கள் ரோமிங்கில் டேட்டா உபயோகிப்பது பல மடங்கு கூடியது. மார்ஜினைக் குறைத்து விற்பனையைக் கூட்டும் வித்தையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் நிறுவனங்கள் எச்சரிக்கைச் செய்தி அனுப்புகின்றன. எச்சரிக்கை வேறு, நிறுத்துவது வேறு. தூக்கத்தில் இருக்கும்போது வரும் எச்சரிக்கை யாரைக் காக்கும்? வாடிக்கையாளர் குறிக்கும் தொகை வந்ததும் எல்லா நிறுவனத்திலும் ஒரே மாதிரியாக டேட்டா நிற்க வேண்டும், பேக் இல்லாத விலையை ஜி.பி. கணக்கில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் போன்று நம் மக்கள் அதிகம் போய்வரும் நாடுகளோடு கட்டணக் குறைப்புக்கு அரசு பேச வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளையும் நம் சங்கம் டிராய்க்கும் மத்திய அரசுக்கும் மனுவாக அனுப்ப வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.

மனு போய்ச் சேர்ந்து பலன் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கண்காட்சிக்குக் குழுவாகப் போகும்போது, விசாவும் டிக்கெட்டும் பார்க்கும் அதே கூட்டத்தில் அரை மணி நேரம் செல்போனுக்கு ஒதுக்கலாம். விவரம் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, ரோமிங் திறந்திருக்கிறதா, டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தால் போதும். பயணம் போய் வந்தவர்கள், எந்த நாட்டில் எந்த சிம்மை என்ன விலைக்கு வாங்கினோம் என்று சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். விலை மாறிக்கொண்டே இருக்கும். தேதியோடு எழுதினால் அடுத்துப் போகிறவருக்கு அது பெரிய உதவி.

கொள்முதலுக்குப் போகிற வியாபாரி, ஊருக்குப் போகும் முன்பே அந்த ஊர் நிலவரத்தை விசாரித்துக்கொண்டு போவான். செல்போனையும் அந்தக் கொள்முதல் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக் கொள்ளுங்கள். நம் எண் நம்மோடு இருக்கட்டும். டேட்டா எங்கே மலிவோ அங்கே வாங்குவோம்.